ப்ராஜெக்ட்டுக்கு எதை எடுப்பது: இலக்கியமா, மரபியலா, நோயா?

பள்ளியில் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்டதும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். பிள்ளை ஒரு தலைப்பு சொல்லும், அப்பா வேறொன்று சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா போன வருஷம் தான் செய்ததையே தருகிறேன் என்பாள். கடைசியில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு கட்டு வந்து சேரும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். செய்முறைத் தேர்வுக்கு எக்ஸ்டெர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக, வேறு பள்ளிகளுக்கும் போவதுண்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை பிள்ளைகள் கொண்டுவரும் தலைப்புகளில் பெரும்பங்கு மூன்று பக்கமாகத்தான் விழுகிறது: ஏதாவது ஓர் இலக்கியம், மரபியலில் ஒன்று, மனித நோய்களில் ஒன்று. மூன்றும் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன, நூலகத்தில் புத்தகம் கிடைக்கும், ஆசிரியரும் தலையாட்டிவிடுவார். இந்த மூன்றில் எது நல்லது என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இந்தத் தலைப்பில் நீயே பார்த்து, நீயே எண்ணி, நீயே சரிபார்க்க என்ன இருக்கிறது? மற்றதையெல்லாம் இப்போது ஏஐ இரண்டு நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். அதை வாங்கி ஒட்டியவர் யார் என்பது வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துபோகும்.

இலக்கியத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. ஆதாரம் முழுவதும் கையிலேயே இருக்கிறது. குறளோ சிலம்போ, மூலமும் பழைய உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும். மதுரைத் திட்டத்திலும் மூலம் இருக்கிறது. ஆய்வுக்கூடம் வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம், யாரையும் போய்ப் பேட்டி எடுக்க வேண்டாம். ஆனாலும் மூன்றில் மிக மோசமாகச் செய்யப்படுவது இதுதான். காரணம், தலைப்பின் அகலம். ‘திருக்குறளின் சிறப்பு’, ‘சிலப்பதிகாரம் ஓர் ஆய்வு’, ‘ஷேக்ஸ்பியரின் வாழ்வும் படைப்பும்’ என்று எடுத்தால் எழுதுவதற்கு எல்லாமே இருக்கும், கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

அதையே குறுக்கிப் பாருங்கள். குறளில் ‘மருந்து’ அதிகாரம் 95-ஆவது. பத்துக் குறள்தான். ஒரு பிள்ளை உட்கார்ந்து பத்தையும் படித்து, எது எதைப் பற்றிப் பேசுகிறது என்று ஒரு அட்டவணை போட்டால் என்ன தெரியும்? முதல் குறள் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் கூடினாலும் குறைந்தாலும் நோய் வரும் என்கிறது. அடுத்த ஆறும், 942 முதல் 947 வரை, சாப்பாட்டைப் பற்றியவை: முன்பு உண்டது செரித்ததா, பசி எடுத்ததா, அளவு என்ன, ஒத்துக்கொள்ளாத உணவா. மிச்சம் மூன்றுதான் மருத்துவம். ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்று எல்லோருக்கும் தெரிந்த 948, அப்புறம் நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் மூன்றையும் பார்க்கச் சொல்லும் 949, கடைசியாக 950. அந்தக் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறது: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவன். மருந்து என்று பெயர் வைத்த அதிகாரத்தில் மருத்துவம் ஏன் மூன்று குறளுக்குள் அடங்கிவிட்டது? இது ஒரு கேள்வி. பழைய உரையாசிரியர்களான பரிமேலழகரும் மணக்குடவரும் குறள்களை ஒரே வரிசையில் வைப்பதில்லை, அதனால் வரிசை மாறினால் அதிகாரத்தின் போக்கு மாறுகிறதா என்பது இன்னொரு கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே செய்யக்கூடியது. செலவு ஒரு நோட்டுப் புத்தகம்.

சிலம்பிலும் அப்படித்தான். முப்பது காதையையும் தொட வேண்டாம். கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இதை ஒரு கிரிமினல் வழக்காகப் பார்த்தால் என்ன தவறுகள் நடந்தன என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். கோவலனைப் பார்த்த காவலர்களுக்கே சந்தேகம் வருகிறது, இவன் முகத்தில் திருடனின் சாயல் இல்லை என்கிறார்கள். பொற்கொல்லன் விடுவதாயில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர் கையாளும் எட்டு வழிகளை அடுக்கி அவர்கள் வாயை அடைக்கிறான். கடைசியில் வாளை வீசுகிறவன் ஒரு ‘கல்லாக் களிமகன்’. சிலம்பை உடைத்து உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்ப்பதோ, தண்டனை நிறைவேறிய பிறகு. அந்த ஒரே சோதனையை முன்பே செய்திருந்தால்? சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில்தான் செய்ய வேண்டும் என்றால் ‘மேக்பெத்’ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் வரும் மருத்துவரை மட்டும் எடுக்கலாம். தூக்கத்தில் நடக்கும் ராணியைப் பார்த்து, இவளுக்கு வேண்டியது மருத்துவர் அல்ல, பாதிரியார் என்று கைவிரிப்பவர் அவர். மனநோய் பற்றி அந்தக் காலத்து மருத்துவம் தன் எல்லையை எங்கே வைத்திருந்தது என்று பார்க்க அந்த இரண்டு காட்சிகளே போதும்.

இலக்கியம் யாருக்கு ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாடலை இரண்டாம் முறை படிக்கப் பொறுமையில்லாத பிள்ளைக்கு வேண்டாம். அறிவியல் குரூப் பிள்ளைகள் ‘இது ஈஸி’ என்று நினைத்து இந்தப் பக்கம் வருவதும் சரியில்லை. எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் இது ஈஸி.

அடுத்தது மரபியல். என் சொந்தப் பாடம் என்பதால் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரபியல் என்றதும் பிள்ளைகள் முதலில் கொண்டுவருவது தெர்மகோல் டி.என்.ஏ மாடல். கலர் பந்துகள், ஈர்க்குச்சி, உச்சியில் ஒரு சீரியல் பல்பு. கடையில் ரெடிமேடாகவே விற்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். அதிலிருந்து ஒரு கேள்விகூடப் பிறக்காது. இரண்டாவதாக வருவது ‘எங்கள் வகுப்பில் நாக்கைச் சுருட்டத் தெரிந்தவர்கள்’, ‘ஒட்டிய காது மடல், ஒட்டாத காது மடல்’ போன்ற கணக்கெடுப்பு. இதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். நாக்கைச் சுருட்டுவது ஓங்கு பண்பு, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து அந்த மரபணு வந்தாலே வெளித்தெரியும் பண்பு, என்று 1940-இல் எழுதியவர் ஸ்டர்டிவன்ட். பழ ஈயின் குரோமோசோமில் மரபணுக்களுக்கு முதன்முதலாக வரைபடம் போட்ட அதே பெரிய ஆள். 1952-இல் மாட்லாக் என்பவர் ஒரே கருவில் பிறந்த இரட்டையர் 33 ஜோடிகளைப் பார்த்தார். அதில் 7 ஜோடிகளில் ஒருவருக்கு நாக்கு சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. ஒரே மரபணு உள்ளவர்களே வேறுபட்டால் இது ஒற்றை மரபணு விஷயமாக எப்படி இருக்கும்? 1965-இல் ஸ்டர்டிவன்ட்டே, இதை இன்னமும் மெண்டல் பண்பாக, அதாவது ஒற்றை மரபணுவால் வரும் பண்பாக, புத்தகங்களில் போடுவதைப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது என்று எழுதினார். அதற்கப்புறமும் நம் பிள்ளைகள் சார்ட் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காது மடலும் அப்படியே. ஒட்டியது, ஒட்டாதது என்று இரண்டே வகை கிடையாது, நடுவில் எல்லா நிலையும் உண்டு, பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பது அது.

இதையே தலைகீழாக்கினால் அருமையான ப்ராஜெக்ட் ஆகும் என்பது வேறு விஷயம். ‘நாக்குச் சுருட்டல் மெண்டல் பண்பா?’ என்று கேள்வியாக வைத்து, வகுப்பில் எத்தனை பேரை ஆம், இல்லை என்று பிரிக்கவே முடியவில்லை என்று காட்டலாம்.

மெண்டலின் பட்டாணியைப் பலரும் பழசு என்று ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். 1856 முதல் 1863 வரை புர்னோ நகரத்து மடத்துத் தோட்டத்தில் அவர் எண்ணிய எண்கள் அப்படியே நம்மிடம் இருக்கின்றன. இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. மஞ்சள் 6,022, பச்சை 2,001. நெட்டைச் செடி 787, குட்டை 277. கால்குலேட்டரை எடுத்து வகுத்தால் 2.96, 3.01, 2.84 என்று வரும். அவர் விதிப்படி மூன்றுக்கு ஒன்று வர வேண்டும். எண்ணிக்கை பெரிதாக இருக்கும் இடத்தில் விகிதம் மூன்றுக்கு நெருங்கி நிற்கிறது, சிறிதாக இருக்கும் இடத்தில் விலகுகிறது. 1936-இல் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர், இவருடைய எண்கள் தேவைக்கு மேல் நன்றாக இருக்கின்றனவே என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். அந்த விவாதத்தைப் ப்ளஸ் டூ கணக்கு தெரிந்த பிள்ளை பின்தொடர முடியும். பயோ-மேத்ஸ் எடுத்தவர்களுக்கு இது சரியான இடம். பட்டாணியை விதைத்து வளர்க்கத்தான் வேண்டும் என்றில்லை. நம் ஊர்ச் சூட்டில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தவிர அது லேசில் வரவும் வராது.

மனித மரபியலுக்கு வந்தால் கவனம் தேவை. பிள்ளைகள் ஆசைப்படுவது வீட்டு வம்சாவளிப் படம் வரைய. ரத்த வகையில் அதைச் செய்யலாம்தான். ஆனால் ஒரு வகுப்பில் எல்லோருடைய வீட்டு ரத்த வகையையும் வாங்கி வைத்துக் கணக்குப் போட்டால், எங்கோ ஒரு வீட்டில் கணக்கு ஒத்துவராமல் போகும். கார்டில் தவறாக எழுதியிருக்கலாம். தத்துப் பிள்ளையாக இருக்கலாம். மிக அபூர்வமாக பம்பாய் ரத்த வகையாக இருக்கலாம். 1952-இல் பேண்டே குழுவினர் பம்பாயில் கண்டது அது. ஏ, பி மரபணு உள்ளே இருந்தும் சாதாரணச் சோதனையில் ஓ வகைபோலக் காட்டும். எதுவானாலும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை வகுப்பு நடுவில் அதற்குப் பதில் சொல்லும்படி ஆகக்கூடாது. நிறக்குருடும் இதே கதை. இஷிஹாரா படங்களைக் காட்டிச் சோதிப்பது சுலபம், ஆனால் ரயில்வேயில் டிரைவர் ஆக வேண்டும் என்று கனவு காண்கிற பையனுக்கு அந்தச் செய்தி உங்கள் ப்ராஜெக்ட் மூலமாகப் போய்ச் சேர வேண்டுமா? நிறக்குருடே வேண்டும் என்றால் ஜான் டால்டனை எடுங்கள். அணுக்கொள்கை டால்டன்தான். தனக்கு நிறம் சரியாகத் தெரியவில்லை என்பதை 1794-இலேயே விவரித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீல நிறமாக இருப்பதுதான் காரணம் என்று நினைத்து, செத்த பிறகு வெட்டிப் பாருங்கள் என்று சொல்லிவைத்தார். 1844-இல் பார்த்தார்கள், திரவம் தெளிவாகத்தான் இருந்தது. பத்திரப்படுத்திய அந்தக் கண்ணின் மிச்சத்திலிருந்து 1995-இல் டி.என்.ஏ எடுத்துப் பார்த்தபோது, பச்சையை உணரும் நிறமிக்கான மரபணு இல்லை என்று தெரிந்தது.

விக்டோரியா மகாராணி வீட்டு ஹீமோஃபீலியாவை, அதாவது ரத்தம் உறையாத நோயை, எல்லோரும் செய்துவிட்டார்கள் என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வார்கள். இருந்தாலும் அதன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த வம்சாவளி முழுக்கப் பொதுவில் இருக்கிறது, அதை வரைவதால் இன்று யாருக்கும் சங்கடமில்லை. மகன் லியோபோல்டுக்கு நோய், மகள்கள் ஆலிஸும் பியாட்ரிஸும் கடத்துபவர்கள் (தங்களுக்கு நோய் இல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள்), ஆலிஸின் மகள் வழியாக ரஷ்ய இளவரசன் அலெக்ஸிக்கு. 2009-இல் ரோமனோவ் என்ற அந்த ரஷ்ய அரச குடும்பத்து எலும்புகளைச் சோதித்து அது ஹீமோஃபீலியா பி, அதாவது ஒன்பதாம் உறைதல் காரணியின் குறை என்று கண்டார்கள். பழைய சார்ட்டில் இந்தக் கடைசி வரி இருக்காது. அதைச் சேர்த்தாலே பாதிக் கூட்டத்திலிருந்து விலகி நிற்கலாம்.

நான் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அதிகம் சொல்வது அரிவாள் செல் சோகை. மரபியலும் நோயும் ஒரே தலைப்பில் கிடைக்கும், கொஞ்சம் வேதியியலும் சேரும். 1910-இல் சிகாகோவில் ஹெரிக் என்ற மருத்துவர் ரத்தத்தில் வளைந்த சிவப்பணுக்களை விவரித்தார். 1949-இல் பாலிங் குழுவினர் இது ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே உள்ள கோளாறு என்று காட்டினார்கள். 1956-57-இல் இங்கிராம், பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் இருப்பதைக் கண்டார். சங்கிலியில் மொத்தம் 146 அமினோ அமிலங்கள், அதில் ஒன்றே ஒன்று மாறியதற்கு இவ்வளவு வேதனை. 1954-இல் அலிசன், குறையுள்ள மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது என்று காட்டியதால், இது ஏன் மறையாமல் நிற்கிறது என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரியில், 1952-இல், அங்குள்ள பழங்குடியினரிடம். ஒன்றிய அரசு 2023 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கிய திட்டம் 2047-க்குள் இதை ஒழிப்பதை இலக்காக வைத்திருக்கிறது.

இதில் பிள்ளை கையால் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு நாணயம் போதும். ஒன்று அப்பா, ஒன்று அம்மா. இருவரும் கடத்துபவர்கள். தலை விழுந்தால் குறையுள்ள மரபணு. இரண்டிலும் தலை விழுந்தால் அந்தக் குழந்தைக்கு நோய். நான்கு முறை சுண்டினால் நான்கு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பம். இப்படி 64 குடும்பம் போடச் சொல்லுங்கள். ‘நாலில் ஒன்று’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று வரும் என்று எதிர்பார்க்கும். சரியாக ஒரு குழந்தைக்கு மட்டும் வருவது சுமார் 27 குடும்பத்தில்தான். 20 குடும்பத்தில் யாருக்குமே வராது. மீதிப் 17-இல் இரண்டோ அதற்கு மேலோ. ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது’ என்று ஒரு குடும்பம் நம்பினால் அது எவ்வளவு ஆபத்தான நம்பிக்கை என்பதை அந்தக் காகிதமே காட்டிவிடும். ஒன்றே ஒன்று: ப்ராஜெக்ட் என்று சொல்லிக்கொண்டு பழங்குடி ஊர்களுக்குப் போய் ‘உங்களுக்கு இந்த நோய் இருக்கிறதா’ என்று கேட்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, மனித நோய்கள். பத்தாம் வகுப்பு அறிவியலிலும் ப்ளஸ் டூ விலங்கியலிலும் இதற்குத் தனிப்பாடமே இருக்கிறது. பிள்ளைகள் அதிகம் எடுப்பதும் இதைத்தான். காரணம் எளிது, வீட்டில் யாருக்காவது சர்க்கரையோ பிரஷரோ இருக்கும். ஆனால் வழக்கமாக வருவது ‘காரணம், அறிகுறி, சிகிச்சை, தடுப்பு’ என்று நான்கு தலைப்பு போட்ட சுகாதாரத் துறைத் துண்டறிக்கை. அதில் மாணவன் எங்கே இருக்கிறான்? பாட்டியைப் பேட்டி எடுத்து ‘கேஸ் ஸ்டடி’ என்று ஒட்டுவதும் பெரிய முன்னேற்றம் இல்லை. மருத்துவமனை வாசலில் நோட்டுடன் நின்று நோயாளிகளைக் கேட்பதை நான் எந்தத் தலைப்புக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

நோய் பக்கத்தில் உண்மையிலேயே கள வேலை செய்யக்கூடிய ஒன்று டெங்கு. நோயாளியிடம் போகாமல் கொசுவிடம் போகலாம். தெருவில் சம்மதிக்கும் வீடுகளில் தண்ணீர் நிற்கும் பாத்திரங்களைப் பார்த்து எத்தனையில் கொசுப் புழு இருக்கிறது என்று எண்ணுவது. 50 வீடு பார்த்து 6 வீட்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 12. அந்த 50 வீட்டில் புழுவுள்ள பாத்திரம் 9 என்றால் 100 வீட்டுக்கு 18, அதுதான் பிரெட்டோ குறியீடு. சுகாதாரத் துறையினரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு தண்ணீரில் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும், மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் புழு நீர்மட்டத்தோடு படுத்த மாதிரி இருக்கும். பார்த்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே பிடிபடும். ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, செடித் தொட்டியின் அடித்தட்டு, மூடாத சிமெண்ட் தொட்டி, மாடியில் கிடக்கும் டயர் என்று எதில் அதிகம் என்று பிரித்தால் ரிப்போர்ட்டுக்கு உயிர் வந்துவிடும். எண்ணி முடித்ததும் தண்ணீரைக் கொட்டச் சொல்லிவிட்டு வர வேண்டும். பெரியவர் ஒருவர் கூடப் போவது அவசியம், முன்பின் தெரியாத வீட்டுக்குள் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள்.

வெளியே அனுப்ப முடியாது என்கிறவர்களுக்கு ஜான் ஸ்னோ என்ற லண்டன் மருத்துவர் இருக்கிறார். 1854 லண்டன் காலரா. காலரா பரவக் காரணம் என்று அவர் காட்டிய பிராட் தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். அதைவிட அவர் செய்த இன்னொரு கணக்குதான் எனக்குப் பிடிக்கும். ஒரே பகுதியில், ஒரே தெருவில்கூட, இரண்டு கம்பெனிகள் வீடுகளுக்குத் தண்ணீர் கொடுத்தன. ஒன்று தேம்ஸின் சாக்கடை கலந்த பகுதியில் எடுத்தது, மற்றது 1852-இல் சாக்கடை கலப்பதற்கு முந்தைய மேல்நீரோட்டப் பகுதிக்கு மாறிவிட்டது. முதல் கம்பெனிக்கு 40,046 வீடு, காலரா சாவு 1,263. இரண்டாவதற்கு 26,107 வீடு, சாவு 98. பத்தாயிரம் வீட்டுக்கு எத்தனை என்று வகுத்தால் ஒரு பக்கம் 315, மறுபக்கம் 38-க்குள். காலராக் கிருமி என்று ஒன்று இருப்பதை மருத்துவ உலகம் ஏற்பதற்கு முன்பே வெறும் வகுத்தல் கணக்கு தண்ணீரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. குழாயடிக் கதையிலும் ஒரு நுணுக்கம் உண்டு: கைப்பிடியைக் கழற்றும்போது காலரா ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது, ஸ்னோவே அதை ஒப்புக்கொண்டார். வைவாவில் அதைச் சொல்லும் பிள்ளையை நான் உடனே நம்பிவிடுவேன்.

காசநோய் எடுப்பவர்கள் 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் அந்த நோயின் கிருமியை அறிவித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். சென்னையில் நடந்த கதை அவர்கள் கண்ணில் படுவதில்லை. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானட்டோரியம், அதாவது நோயாளிகளை நீண்ட நாள் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனை. தாம்பரத்தில் 1928-இல் சௌரி முத்து தொடங்கியதும் அப்படி ஒன்றுதான். நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு இல்லாமல் குணமாகாது என்பதே மருத்துவர்களின் எண்ணம். படுக்கையோ கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கி ஒரு சோதனை நடத்தினார்கள். 200-க்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு சானட்டோரியத்திலும் பாதிப் பேருக்கு வீட்டிலும் ஒரே மாத்திரையை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான, வசதியில்லாத இடங்களில் இருந்தவர்கள், அவர்களுக்குச் சாப்பாடும் குறைவு. 1959-இல் முடிவு வந்தது: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டு வைத்தியமும் ஏறக்குறைய அதே அளவு பலன் தருகிறது, வீட்டில் உடன் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானட்டோரியங்கள் தேவையற்றுப் போனதில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இரு பிரிவுகளை ஒப்பிட ஏன் குலுக்கல் வேண்டும், மருத்துவரே தேர்ந்தெடுத்திருந்தால் என்ன தப்பு வந்திருக்கும் என்று பிள்ளை விளக்கினால் அதுவே ஒரு முழு ப்ராஜெக்ட்.

சரி, எதை எடுப்பது? ஒன்பது, பத்தாம் வகுப்பு என்றால் என் முதல் தேர்வு டெங்குப் பாத்திரக் கணக்கு, இரண்டாவது குறள் அதிகாரம். மரபியலை அந்த வயதில் நான் தள்ளித்தான் வைப்பேன். மெண்டல் விகிதத்தைத் தாண்டிப் போகக் கணக்கு போதாது, அதற்குள்ளேயே நின்றால் நாக்கும் காதும்தான் மிஞ்சும். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவில் பயாலஜி எடுத்தவர்களுக்கு அரிவாள் செல். நீட்டுக்குப் படிப்பவர்களுக்கும் அது வீண்போகாது, பாடத்தில் பல இடங்களில் அதே விஷயம் வரும். வரலாறு, வணிகவியல் குரூப் பிள்ளைகள் நோய் எடுக்கக்கூடாது என்று யார் சொன்னது? ஸ்னோவின் தண்ணீர்க் கம்பெனிக் கணக்கு அவர்களுக்காகவே செய்தது மாதிரி இருக்கும். சிலம்பு வழக்கை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் மூலத்தைப் படித்துவிட்டுத்தான், சினிமா வசனத்தை நம்பி அல்ல.

செலவு மூன்றிலும் ஒன்றுமில்லை. நேரம் மட்டும் வேறுபடும். குறளுக்கு ஒரு வார மாலைகள் போதும். நாணயக் கணக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னை காசநோய் ஆய்வுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் படிக்க வேண்டியிருக்கும், டீச்சர் உதவி தேவைப்படும். டெங்குதான் காலண்டரைப் பார்த்துச் செய்ய வேண்டியது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகுதான் மாடியிலும் முற்றத்திலும் புழு கிடைக்கும். முட்டையிலிருந்து கொசு ஆக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால், அதே வீடுகளை வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு தடவை பார்த்தால்தான் எண்ணுக்கு அர்த்தம் வரும். பள்ளியில் ரிப்போர்ட்டை ஆகஸ்டிலேயே கேட்கிறார்கள் என்றால் கொசுவை விட்டுவிட்டு ஸ்னோவிடம் போய்விடுங்கள்.